தென்னைக்குச் சிவப்பு அடிக்கலாமா? வான்கோ, டெலக்ருவா, நிறம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனி, ஞாயிறுகளில் ஓவிய வகுப்பு எடுக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளைகளும் வருகிறார்கள், ஓய்வு பெற்றவர்களும் வருகிறார்கள். டச்சு ஓவியர் வான்கோவின் ‘இரவு விடுதி’ படத்தை அச்செடுத்துச் சுவரில் மாட்டியதும் கேள்விகள் கிளம்பிவிடும். சுவர் ஏன் இப்படி ரத்தச் சிவப்பாக இருக்கிறது? கூரைக்கு யாராவது பச்சை அடிப்பார்களா? ஆளுக்குத் தலைவலி ஏதாவதா?

பதில் சொல்லப் போனால் அது வான்கோவோடு நிற்பதில்லை. அவர் கண்ணால் கண்டேயிராத இன்னொரு ஓவியரிடம் போய்ச் சேரும். வாரா வாரம் சொல்வதை ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்தப் பக்கம்.

டெலக்ருவா யார்?

யூஜின் டெலக்ருவா, பிரெஞ்சு ஓவியர். 1798இல் பிறந்து 1863இல் இறந்தவர். கையில் கொடியோடு ஒரு பெண் தடுப்பரணைத் தாண்டி வரும் படத்தைப் பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள், அது இவர் வரைந்தது. 1832இல் மொராக்கோவுக்குப் போய்விட்டு வந்தார். அதன் பிறகு அவர் படங்களில் நிறம் இன்னும் துணிந்துவிட்டது. பாரிஸில் அருங்காட்சியகமாக இருக்கும் லூவர் அரண்மனையின் அப்பல்லோ கூடத்தில், சூரிய தேவன் பாம்பைக் கொல்லும் காட்சியை 1850, 51இல் கூரை ஓவியமாகத் தீட்டினார். அந்தக் கூரை பின்னால் மறுபடியும் வரும்.

இருவரும் சந்தித்திருக்கிறார்களா?

இல்லை. டெலக்ருவா இறந்தபோது வான்கோ ஹாலந்தில் பத்து வயதுப் பையன்.

அப்படியென்றால் யாரிடம் கற்றுக்கொண்டார்?

புத்தகத்திடம். இதைச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேருக்கு ஏமாற்றமாகிவிடும். வான்கோ என்றால் வெயிலில் நின்று வெறி பிடித்தமாதிரி தீட்டுகிறவர் என்று மனதில் ஒரு படம் இருக்கும். அந்த ஆள் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து நிறக் கோட்பாடு படித்தார் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

1883 டிசம்பர் முதல் 1885 நவம்பர் வரை வான்கோ நியூனன் என்ற டச்சுக் கிராமத்தில் பெற்றோருடன் இருந்தார். ஷார்ல் பிளான் என்ற பிரெஞ்சுக் கலை எழுத்தாளரின் நூல்கள் அங்கேதான் அவர் கைக்கு வந்தன. அவற்றில் ஒன்றில் டெலக்ருவா நிறத்தை எப்படிக் கையாண்டார் என்று நீண்ட விளக்கம் இருக்கிறது. தம்பி தியோவுக்கும் நண்பர் ராப்பார்டுக்கும் எழுதிய கடிதங்களில் அதைப் பக்கம் பக்கமாக எடுத்து எழுதி, தர்க்கம் செய்து, இது தனக்கு எப்படி உதவும் என்று யோசித்திருக்கிறார். நியூனனில் கைத்தறி நெசவாளர்கள் இருந்தார்கள். 1884இல் அவர்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். பல நிற இழைகள் ஓடிக் கலந்து, தூர நின்று பார்த்தால் ஒரு சாம்பல் துணியாகத் தெரிவதைப் பக்கத்தில் இருந்து கவனித்தார். புத்தகத்தில் படித்தது தறியிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் புத்தகம் என்னதான் சொன்னது? எளிமையாகச் சொல்ல முடியுமா?

ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதைப் பக்கத்தில் இருக்கும் நிறம் தீர்மானிக்கிறது.

இதைத் தீர விசாரித்தவர் ஓவியர் இல்லை, வேதியியலாளர். பெயர் ஷெவ்ரல். பாரிஸில் கோபெலின் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். கறுப்புச் சாயம் எடுப்பாக இல்லை என்று அவரிடம் புகார் வந்தது. வேறு ஆலைகளின் கறுப்பு நூலை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவே வைத்து நெய்யும்போதுதான் கறுப்பு வெளுத்துத் தெரிந்தது. பழி சாயத்தின் மேல் விழுந்திருக்கிறது, குற்றம் அண்டை நிறத்தினுடையது! இதை வளர்த்து 1839இல் பெரிய நூலாக எழுதினார். (மனுஷர் 102 வயது வரை இருந்தார்.) பிளான் அதை ஓவியர்களுக்குப் புரிகிற மொழியில் சொன்னார்: சிவப்புக்கு எதிர் பச்சை, நீலத்துக்கு எதிர் ஆரஞ்சு, மஞ்சளுக்கு எதிர் ஊதா. எதிரெதிர் நிறங்களை அருகருகே வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். இரண்டையும் குழைத்தால் ஒன்றையொன்று கொன்று சாம்பலாகும்.

டெலக்ருவா பற்றி பிளான் ஒரு கதை சொல்கிறார். ஒரு மஞ்சள் துணியை வரைந்துகொண்டிருந்தாராம். என்ன செய்தாலும் மஞ்சள் மின்னவில்லை. பழைய மேதைகள் எப்படிச் செய்தார்கள் என்று லூவரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று வாடகை வண்டிக்குச் சொல்லி அனுப்பினார். அப்போது பாரிஸில் குதிரை வண்டிகளுக்கு மஞ்சள் வண்ணம் பூசியிருப்பார்கள். வண்டி வெயிலில் வந்து நின்றது. ஏறப் போனவர், மஞ்சள் வண்டியின் நிழல் ஊதாவாகத் தெரிவதைப் பார்த்தார். வண்டிக்காரருக்குக் காசைக் கொடுத்து அனுப்பிவிட்டு, திரும்ப உள்ளே போய் மஞ்சளின் நிழலில் ஊதாவை வைத்தார்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே சாம்பல் அட்டையிலிருந்து பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு இரண்டு வட்டம் வெட்டுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை உறை இருந்தால் போதும். ஒன்றை மஞ்சள் சார்ட் பேப்பரின் நடுவிலும் மற்றதைக் கத்தரிப்பூ நிற சார்ட் பேப்பரின் நடுவிலும் வைத்து, சற்று நேரம் பாருங்கள். மஞ்சள் மேல் இருக்கும் சாம்பலில் ஊதா ஏறும். ஊதா மேல் இருப்பது லேசாக மஞ்சளிக்கும்.

இதை வகுப்பில் செய்து காட்டியபோது ஓர் அம்மா சிரித்தார். “இதுக்குப் போயா சார் இவ்வளவு பெரிய புஸ்தகம்? பட்டுப் புடவை எடுக்கும்போது நான் பார்டரை உள்ளே மடிச்சு வச்சுட்டுத்தான் உடம்பு நிறத்தைப் பார்ப்பேன். பார்டரோட பார்த்தா ஏமாத்தும்” என்றார். ஷெவ்ரல் கேட்டிருந்தால் ஆலையில் வேலை கொடுத்திருப்பார்.

விதி தெரிந்த பிறகும் ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ ஏன் அவ்வளவு இருட்டாக இருக்கிறது?

நல்ல கேள்வி. 1885 வசந்தத்தில் வான்கோ வரைந்த படம் அது. அதன் நிறம் தோல் உரிக்காத, மண் ஒட்டிய உருளைக்கிழங்கின் நிறம் என்று அவரே சொன்னார்.

விதியின் இரண்டாம் பாதியைத்தான் அதில் பயன்படுத்தினார். எதிர் நிறங்களைக் குழைத்துச் சாம்பல் உண்டாக்குவது. படத்தில் வெள்ளையாகத் தெரியும் துணி வெள்ளை வண்ணத்தால் ஆனதல்ல. சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றையும் குழைத்த நல்ல அழுத்தமான சாம்பல். சுற்றிலும் அதைவிட இருட்டு இருப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. ஆகவே விதியை மறந்துபோய் வரைந்த படம் அல்ல. விதியைக் கொண்டு ஓர் இருட்டு வீட்டைக் கட்டியிருக்கிறார். பாரிஸில் இம்ப்ரெஷனிஸ்டுகள் (மாறும் வெளிச்சத்தைப் பளிச்சென்ற நிறங்களில் பிடித்த ஓவியர்கள்) என்ன செய்கிறார்கள் என்று தம்பி எழுதுவதைப் படித்திருந்தாரே தவிர, அந்தப் படங்களை அவர் அதுவரை பார்த்ததில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. எனக்கு அவருடைய கடிதங்களிலேயே மிகப் பிடித்தவற்றில் ஒன்று. இலையுதிர்காலத்தில் மஞ்சள் இலைகளோடு நிற்கும் மரங்களை வரைவதாக வைத்துக்கொள்வோம், அதை மஞ்சளில் அமைந்த ஓர் இசைக்கோவையாக நான் நினைத்துக்கொண்டால், என் மஞ்சளும் அந்த இலையின் மஞ்சளும் ஒன்றாக இருக்கிறதா என்பது முக்கியமா என்று கேட்கிறார். அவ்வளவாக முக்கியம் இல்லை என்று தானே பதிலும் சொல்கிறார். நிறத்துக்கே சொந்தமாக ஒரு பேச்சு உண்டு என்கிறார். மண் நிறத்தில் கிழங்கு வரைந்துகொண்டிருந்த கையால் எழுதியது இது. அவருடைய சூரியகாந்திப் படங்களுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.

பிறகு எங்கே மாறியது?

பாரிஸில். 1886 பிப்ரவரி கடைசியில் அங்கே போனார். மாடலுக்குக் கொடுக்கக் காசில்லாமல் பூக்களை வரைந்தார். சிவப்பு பாப்பி, நீல கார்ன்ஃபிளவர், ரோஜா, மஞ்சள் சாமந்தி. ஓவிய நண்பர் ஒருவருக்கு எழுதும்போது, நீலத்தை ஆரஞ்சோடும் சிவப்பைப் பச்சையோடும் மஞ்சளை ஊதாவோடும் மோதவிட்டுப் பார்க்கிறேன் என்கிறார். சாம்பல் இணக்கம் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகத்தில் அவருடைய சிவப்பு அரக்குப் பெட்டி ஒன்று இருக்கிறது. திறந்தால் உள்ளே கம்பளி நூல் உருண்டைகள். சில உருண்டைகளில் இரண்டு, மூன்று நிற நூல்களைச் சேர்த்தே சுற்றியிருக்கிறார். டியூபைப் பிழிந்து வண்ணத்தை வீணாக்குவதற்கு முன், எந்த நிறம் எதனோடு எப்படிப் பேசும் என்று நூலை வைத்துப் பார்த்துக்கொள்வார். அவருடைய பிரஷ் தடங்களைப் பாருங்கள், இழை இழையாகத்தானே ஓடுகின்றன? அந்தப் பெட்டியின் புகைப்படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு அது வேறு மாதிரி தெரிவதே இல்லை.

துணிச்சலான நிறம் என்றால் எந்தப் படத்தில் தொடங்குவது?

‘விதைப்பவன்’, 1888 ஜூன். பிப்ரவரியில்தான் தென் பிரான்சின் ஆர்ல் நகருக்கு வந்திருந்தார். விதைப்பவன் என்ற உருவம் அவருடையது அல்ல, பிரெஞ்சு ஓவியர் மியேயுடையது. வான்கோவுக்கு மியே கிட்டத்தட்ட தெய்வம். ஆனால் அந்த விதைப்பவனில் நிறம் இல்லை, சாம்பல்தான் என்று அவருக்கு ஒரு குறை.

எனவே கடிதத்தில் ஒரு கேள்வியைப் போடுகிறார். விதைப்பவனை நிறத்தில் தீட்ட முடியுமா, மஞ்சளையும் ஊதாவையும் எதிரெதிரே நிறுத்தி, டெலக்ருவாவின் அப்பல்லோ கூரையில் இருக்கிறதே அந்த மாதிரி? ஆமா இல்லையா? ஆமா, நிச்சயமாக. சரி, அப்படியானால் செய்!

செய்தார். உழுத நிலம் ஊதா. வானம் சூரியனுக்குச் சமமாகப் போட்டி போடும் மஞ்சள். நிலத்தின் ஊதாவில் மஞ்சள் தீற்றல்கள் சிதறிக் கிடக்கின்றன, அவையே விதையோ என்று தோன்றும். உண்மையில் நிலம் என்ன நிறம் என்பது பற்றி எனக்குக் கவலையில்லை என்று நண்பர் பெர்னாருக்கு எழுதினார். மியேயின் ஆள், டெலக்ருவாவின் நிறம், ஆர்லின் வயல்.

இரண்டு மாதம் கழித்து ஆகஸ்டில் இன்னும் வெளிப்படையாகவே எழுதினார். என் முறையை இம்ப்ரெஷனிஸ்டுகள் குறை சொன்னால் ஆச்சரியப்பட மாட்டேன், அவர்களைவிட டெலக்ருவாவின் எண்ணங்கள்தான் இதற்கு உரம் போட்டன என்கிறார். கண் முன்னால் இருப்பதை அப்படியே எடுத்து வைக்காமல், வலுவாகச் சொல்வதற்காக நிறத்தைத் தன் விருப்பப்படி எடுத்துக்கொள்கிறாராம். உதாரணத்துக்கு ஒரு நண்பரின் உருவப்படத்தைச் சொல்கிறார். முடி பொன்னிறம் என்றால் ஆரஞ்சுக்கும் எலுமிச்சை மஞ்சளுக்கும் கொண்டுபோவேன், தலைக்குப் பின்னால் அறையின் அற்பச் சுவருக்குப் பதில் அடர்ந்த நீலத்தில் முடிவின்மையை வரைவேன் என்கிறார். செப்டம்பரில் பெல்ஜிய ஓவியர் யூஜின் போக் வந்து உட்கார, சொன்னபடியே நட்சத்திரம் பூத்த நீலத்தின் முன் அவரை வரைந்தார். இப்போது பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

‘இரவு விடுதி’யில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பின்னணி. ஆர்லில் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் ஒரு விடுதி. வான்கோ அங்கே வாடகைக்குத் தங்கியிருந்தார். என்னிடம் வாங்கிய காசுக்கு ஈடாக உன் அழுக்குக் கடையையே படமாக வரைந்துவிடுகிறேன் என்று உரிமையாளரிடம் வேடிக்கையாகச் சொல்லிவிட்டு, 1888 செப்டம்பரில் மூன்று ராத்திரி கண்விழித்து வரைந்தார். பகலில் தூங்கினார்.

சிவப்பையும் பச்சையையும் கொண்டு மனித மனத்தின் பயங்கர வேட்கைகளைச் சொல்ல முயன்றேன் என்பது இந்தப் படம் பற்றி அவர் எழுதியது. பலர் அந்த வரியோடு நின்றுவிடுவார்கள். எனக்கு அதைவிட அடுத்தடுத்த வரிகள் முக்கியம், ஏனென்றால் அவை வேலைக்காரனின் வரிகள். எத்தனை சிவப்பு, எத்தனை பச்சை என்று கணக்குச் சொல்கிறார். சுவரில் ரத்தச் சிவப்பு. நடுவில் பில்லியர்ட்ஸ் மேசையின் பச்சை. அந்த உக்கிரத்துக்கு எதிரே, பின்னால் கவுண்டரில் மெல்லிய இளம்பச்சை, அதன்மேல் ஒரு ரோஸ் பூங்கொத்து. நான்கு எலுமிச்சை மஞ்சள் விளக்குகள்.

இப்போது மேசைக்குப் பக்கத்தில் நிற்கும் கடைக்காரரைப் பாருங்கள். அவர் உடுத்தியிருப்பது வெள்ளை. படத்தில் வெள்ளை எங்கே? எலுமிச்சை மஞ்சளும் வெளிறிய பச்சையுமாக இருக்கிறது. இந்தச் சூளைக்குள் நின்றால் வெள்ளைச் சட்டை அப்படித்தான் ஆகும் என்று அவரே விளக்குகிறார். பிள்ளைகளிடம் அந்தச் சட்டை என்ன நிறம் என்று கேட்பேன். எல்லாரும் ஒரே குரலில் “வெள்ளை” என்பார்கள். நடுவில் சின்ன ஓட்டை போட்ட அட்டையை அதன்மேல் வைத்து மறுபடி கேட்டால் சத்தமே வராது.

இந்தப் படம் தான் வரைந்தவற்றிலேயே அசிங்கமானவற்றில் ஒன்று என்றும், உருளைக்கிழங்குப் படத்துக்கு வேறு வகையில் ஈடானது என்றும் அவர் எழுதினார். அசிங்கம் என்றது குறையாக அல்ல. அழகாக வந்திருந்தால்தான் தோற்றிருக்கும்.

மனநிலை பாதிக்கப்பட்டதால் நிறம் அப்படித் தெரிந்ததாமே?

ஒவ்வொரு வகுப்பிலும் வரும் கேள்வி. மருந்தின் விளைவு, கண் நோய், மதுவின் விளைவு என்று விதம் விதமாகக் கேட்டிருக்கிறேன்.

தேதிகளைப் பாருங்கள். முதல் பெரிய பாதிப்பு 1888 டிசம்பர் 23இல் வந்தது. விதைப்பவன் ஜூனில், இரவு விடுதி செப்டம்பரில், படுக்கையறை அக்டோபரில் முடிந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் எந்த நிறம், எதற்காக என்று கடிதத்தில் திட்டம் இருக்கிறது. நோய் தாக்கிய நாட்களில் அவர் பெரும்பாலும் பிரஷ்ஷைத் தொடவே இல்லை. கண்ணில் கோளாறு இருந்தால் டியூபிலிருந்து வந்த மஞ்சளும் அவருக்கு அதே கோளாறோடுதானே தெரிந்திருக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நான்கு வருஷம் படித்து, பூ பூவாகப் பயிற்சி செய்தவரின் உழைப்பை ஒரு நோயின் பேரில் எழுதிவிடுவது அநியாயம்.

டெலக்ருவாவின் படத்தை அப்படியே வரைந்திருக்கிறாரா?

வரைந்திருக்கிறார், ஆனால் அப்படியே இல்லை. எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

1889 மே மாதம் தானாகவே விரும்பி சான் ரெமி மனநலக் காப்பகத்தில் சேர்ந்தார். ஜூலையில் மறுபடி நோய் தாக்கியது. பல வாரம் வெளியே போக முடியவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு விபத்து. டெலக்ருவாவின் பியட்டா, அதாவது இறந்த இயேசுவைத் தாய் தாங்கியிருக்கும் காட்சி, கல்லச்சில் அடித்த கறுப்பு வெள்ளைப் பிரதியாக அவரிடம் இருந்தது. அது எண்ணெயிலும் வண்ணத்திலும் விழுந்து கெட்டுப்போயிற்று. மனம் வருந்தி, அதை வைத்துக்கொண்டே செப்டம்பரில் படத்தைத் தன் கையால் வரைந்தார்.

கவனியுங்கள், அவர் முன்னால் இருந்தது கறுப்பும் வெள்ளையும் மட்டும். நிறத்துக்கு டெலக்ருவா என்றால் உயிரை விடுகிறவர், டெலக்ருவாவின் நிறமே இல்லாத டெலக்ருவா படத்தின் முன் உட்கார்ந்திருக்கிறார். தாய்க்கு நீல உடை, காற்றில் பறக்கிறது. புயல் ஓய்ந்த மாலை, பொன் விளிம்போடு ஊதா மேகங்கள் மிதக்கும் வானம் என்று தங்கை வில்லிக்கு வர்ணித்தார். பொன்னும் ஊதாவும், மறுபடியும் அதே ஜோடி. தாடியும் முடியும் சிவந்த அந்த இயேசுவின் முகத்தைப் பார்த்து, இது வான்கோவேதானே என்று கேட்காதவர் குறைவு. அளவு 73க்கு 60.5 சென்டிமீட்டர். ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. இதன் சிறிய வடிவம் ஒன்று வத்திக்கானில் உள்ளது.

1890 மேயில் ‘நல்ல சமாரியன்’ வரைந்தார். காயம்பட்டவனைக் குதிரையில் ஏற்றிவிடும் காட்சி. டெலக்ருவாவின் மூலப் படத்தோடு வைத்துப் பார்த்தால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் இருக்கும். அச்சில் படம் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பிவிட்டது, வான்கோ அச்சைத்தான் பின்பற்றினார்.

அது காப்பியடித்தது ஆகாதா?

அவருக்கே இந்தக் கேள்வி உறுத்தியிருக்கிறது. தியோவுக்குப் பதில் எழுதினார்: இசையில் ஒருவர் பீத்தோவனை வாசித்தால் அதில் தன் விளக்கத்தையும் சேர்த்து வாசிக்கிறார், இசையமைத்தவரே வாசித்தாக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு அதன்மேல் நிறத்தைக் கற்பனை செய்கிறேன், பிரஷ் விரலிடையே வயலின் வில் போல ஓடுகிறது என்றார்.

நம் ஊரில் இதற்கு விளக்கமே தேவையில்லை. கீர்த்தனை தியாகராஜருடையது, அன்றைக்கு விழுந்த சங்கதி பாடகருடையது. இப்படி மியேயின் படங்களிலிருந்து மட்டும் இருபதுக்கும் மேல் வரைந்தார்.

டெலக்ருவா மட்டும்தான் காரணமா?

இல்லை. ஜப்பானிய மர அச்சுப் படங்களின் தட்டையான நிறம், மார்செய் ஓவியர் மாண்டிசெல்லியின் தடித்த வண்ணப்பூச்சு, பாரிஸில் புள்ளி புள்ளியாக நிறம் வைத்த சின்யாக் போன்ற ஓவியர்களோடு பழகியது, தென் பிரான்சின் வெளிச்சம், எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் மற்றவர்களிடமிருந்து எப்படிச் செய்வது என்பதைப் பெற்றார். செய்யலாம் என்ற தைரியத்தை டெலக்ருவாவிடமிருந்து பெற்றார் என்பது என் கணிப்பு.

இன்று நாம் பார்ப்பது அவர் வைத்த அதே நிறமா?

பல படங்களில் இல்லை. ‘படுக்கையறை’யின் சுவரை வெளிர் ஊதா என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். இன்று பார்த்தால் இளநீலம். ஊதாவுக்காக நீலத்தோடு கலந்த சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளுத்துப் போய்விட்டது, நீலம் மட்டும் மிஞ்சியது. அவருடைய வெள்ளை ரோஜாக்கள் சில, வரையும்போது ரோஸ் நிறத்தில் இருந்தவை. குரோம் மஞ்சள் வேறு வழியில் போகிறது: வெளிச்சத்தில் அதிலிருக்கும் குரோமியம் வேதி மாற்றம் அடைந்து பழுப்பேறுகிறது.

அப்படியென்றால் மஞ்சளும் ஊதாவும் மோத வேண்டும் என்று அவர் வைத்த சில இடங்களில் இன்று மோதலே இல்லை. ஊதாவைக் காணோம். இந்தச் சாயங்கள் நிலைக்காது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. அதனாலேயே இன்னும் முரட்டுத்தனமாக, துணிந்து பூச வேண்டும், காலம் எப்படியும் தணித்துவிடும் என்று 1888 ஏப்ரலில் எழுதினார்.

நானும் இப்படி முயல வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

அவர் ஆரம்பித்த இடத்திலேயே. பிடித்த ஓவியம் ஒன்றை ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தின் நிறம் கண்ணில் படாமல் ஒரு வாரம் ஒளித்து வையுங்கள். பிறகு ஓர் எதிர் ஜோடியைத் தேர்ந்தெடுத்து, அந்த இரண்டையும் வெள்ளையையும் மட்டும் கொண்டு தீட்டுங்கள்.

நான் முதன்முதலில் செய்தபோது ஆறு டியூபையும் திறந்து, ஆறுக்கும் சம இடம் கொடுத்துவிட்டேன். முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தால் கட்சி மாநாட்டுப் பேனர் மாதிரி இருந்தது. எல்லாரும் கத்தினால் யார் குரல் கேட்கும்? ‘இரவு விடுதி’யில் அந்த ரோஸ் பூங்கொத்து எத்தனை சின்னது என்று பாருங்கள். ஒரு நிறத்துக்கு முக்கால் இடம், எதிர் நிறத்துக்குக் கால் இடமோ அதற்கும் குறைவோ. அப்போதுதான் அந்தக் கால் இடம் கண்ணைப் பிடித்து இழுக்கும்.

அடுத்த தப்பு எல்லாரும் செய்வது. சிவப்பு காய்வதற்குள் பக்கத்தில் பச்சையை வைத்தால் விளிம்பில் இரண்டும் கலந்து சாணி நிறம் வரும். காயவிட்டு வையுங்கள், அல்லது நூலிழை அளவுக்குப் பேப்பர் வெள்ளையை இடையில் விடுங்கள். போஸ்டர் கலர் காய்ந்தால் வெளுக்கும், அக்ரிலிக் காய்ந்தால் சற்றே கறுக்கும். ஈரத்தில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

எல்லா நிறமும் துணிச்சலாக இருந்தும் படம் தட்டையாகத் தெரிகிறதா? போனில் படம் பிடித்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாக வந்தால், வெளிச்சமும் இருட்டும் நீங்கள் போடவே இல்லை என்று அர்த்தம். மஞ்சளும் ஊதாவும் இதில் உதவும், ஒன்று இயல்பிலேயே வெளிச்சம், மற்றது இருட்டு. சிவப்பும் பச்சையும் பெரும்பாலும் சம அழுத்தத்தில் இருப்பவை, அதனால்தான் பக்கத்தில் வைத்தால் கண் கூசி அதிர்கிறது. ஆரம்பத்தில் மஞ்சள், ஊதா ஜோடியே நல்லது.

கடையில் டியூபைத் திருப்பிப் பாருங்கள். ‘குரோம் யெல்லோ’ என்ற பெயரோடு ‘ஹ்யூ’ என்று சேர்த்திருந்தால், அது வான்கோ வைத்த ஈயக் குரோமேட் அல்ல, அதே நிறச் சாயலில் வேறு நிறமி. நல்லதுதான். ஈயம் உடம்புக்கு ஆகாது, உங்கள் மஞ்சளும் பழுப்பாகாது.

கடிதங்களை எங்கே படிக்கலாம்?

அவர் எழுதியவற்றில் எண்ணூறுக்கும் மேல் மிஞ்சியிருக்கின்றன. வான்கோ அருங்காட்சியகம் எல்லாவற்றையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு, அவர் கடிதத்திலேயே கிறுக்கிய படங்களோடு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1888 ஜூன் முதல் செப்டம்பர் வரை உள்ளவற்றை முதலில் படியுங்கள். பிறகு 1885 அக்டோபருக்குத் திரும்பிப் போங்கள்.

சார், தென்னை மரத்துக்குச் சிவப்பு அடிக்கலாமா?

கேட்டது நாலாம் வகுப்புப் பையன். அடிக்கலாம் தம்பி. வானத்துக்கு என்ன நிறம் யோசித்து வைத்திருக்கிறாய்?